உப்பில்லாப் பண்டமும் ஊட்டமில்லாப் பருத்தியும்

வானம் பார்த்த பூமியிலே பருத்தி விதைப்பவன் வாழ்வு, வானத்தின் கையிலே மட்டுமா இருக்கிறது? மழை பொய்த்தால் விளைச்சல் குறையும், ஒப்புகிறோம். மழை பெய்த ஆண்டிலும் சப்பை உதிர்கிறதே, பிஞ்சு கொட்டுகிறதே, அதற்கு யார்மீது பழி போடுவது? "தலையெழுத்து" என்பர் சிலர். தலையெழுத்தல்ல தோழர்களே, மண்ணெழுத்து!

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை வட்டாரக் கரிசலைப் பாருங்கள். சுண்ணாம்பும் காரமும் மிகுந்த மண். துத்தநாகமும் இரும்பும் மண்ணிலே இருந்தாலும், வேருக்கு எட்டாதபடி அந்தக் காரம் அவற்றைக் கட்டிப்போட்டுவிடும். துத்தநாகம் குறைந்தால் செடி குறுகும். போரான் குறைந்தால் மகரந்தம் முளைத்துச் சூலைச் சேராது, பூ காயாகாது. ஏக்கருக்குச் சில கிலோ போதும் இந்த நுண்ணூட்டம். அளவு சிறிதென்பதால் தேவையும் சிறிதாகிவிடுமா? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே! எத்தனை மூட்டை யூரியா கொட்டினாலும், துத்தநாகத்தின் வேலையை அது செய்யாது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 'காட்டன் பிளஸ்' என்னும் கலவையைத் தந்திருக்கிறது. ஊட்டங்களும் வளர்ச்சி ஊக்கிகளும் சேர்ந்தது. ஏக்கருக்கு 2.5 கிலோவை 200 லிட்டர் நீரில் கரைத்து, பூக்கும்போது ஒருமுறை, காய் பிடிக்கும்போது ஒருமுறை இலைமீது தெளிக்க வேண்டும். விளைச்சல் 18 விழுக்காடு வரை கூடும் என்கிறது பல்கலைக்கழகம். அந்த 'வரை' என்ற சொல்லை உழவர் பெருமக்கள் மறந்துவிடலாகாது. குறையுள்ள மண்ணில் நுண்ணூட்டம் பலன் தரும். குறையில்லா மண்ணில் காசுதான் கரியாகும். ஈரம் வற்றி வாடிய செடிக்கு எந்தத் தெளிப்பும் மழையாகாது.

ஆகவே, மண்ணை ஆய்வதே முதல் வேலை. 2015-இல் மத்திய அரசு மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. அட்டையில் 12 அளவீடுகள். அவற்றிலே துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான் ஐந்தும் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் நடந்தது என்ன? 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது யூரியா முதலிய உரங்களுக்கு 5 விழுக்காடு வரி, நுண்ணூட்டத்துக்கோ 12! "உன் மண்ணில் துத்தநாகம் இல்லை" என்று அட்டை சொல்லியது; "வாங்கினால் வரி கட்டு" என்று சட்டம் சொல்லியது. 2025 செப்டம்பரில்தான் அந்த வரி 5 ஆகக் குறைந்தது. எட்டாண்டுக் காலம் அந்தச் சுமையைத் தாங்கியவன் யார்? உழவன்தானே!

வரி குறைந்ததை வரவேற்கிறோம். அத்தோடு வேலை முடிந்துவிடவில்லை. ஆய்வு முடிவு விதைப்புக்கு முன்னே உழவன் கைக்கு வரட்டும். அதில் கண்ட குறைக்கேற்ற ஊட்டம் உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கத்திலே கிடைக்கட்டும். வானத்தை ஆள நம்மால் முடியாது. காலடி மண்ணை அறியவுமா முடியாது?