முதுகெலும்பு அறுவை சிகிச்சை: நுண்துளை முறையும் ரோபோவும் உங்களுக்கு எந்த அளவுக்கு உதவும்?

முதுகெலும்பில் அறுவை சிகிச்சை தேவைப்படும் என்று உங்களுக்கோ உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கோ மருத்துவர் கூறியிருக்கலாம். ‘ரோபோ மூலம் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை’ என்னும் விளம்பரமும் கண்ணில் பட்டிருக்கலாம். வழக்கமான முறையில் செய்துகொண்டால் கால் செயலிழந்துவிடுமோ, கடன் பெற்றாவது ரோபோ உள்ள மருத்துவமனையை நாட வேண்டுமோ என்ற கலக்கம் இயல்பானதே. அந்த முடிவை எடுக்கும் முன், நுண்துளை முறையும் ரோபோ முறையும் ஒன்றல்ல என்பதை அறிந்துகொள்ளுங்கள். விளம்பரங்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன.

திறந்த அறுவை சிகிச்சையில், முதுகெலும்பை அடைவதற்காக அதனோடு ஒட்டியுள்ள தசைகளை எலும்பிலிருந்து பிரித்து ஒதுக்க வேண்டியுள்ளது. சிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கும் இரத்த இழப்புக்கும் இதுவே முக்கியக் காரணம். நுண்துளை முறையில் தசை பிரிக்கப்படுவதில்லை. அதன் நார்கள் சிறிது சிறிதாக விலக்கப்பட்டு, அவற்றின் நடுவே ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அகலமுள்ள குழாய் ஒன்று செலுத்தப்படுகிறது. நுண்ணோக்கியின் துணையுடன் வட்டு அறுவை செய்வது 1977-லேயே அறிமுகமானது. குழாய் வழியே செய்யும் முறை 1997-இல் வந்தது. எண்டோஸ்கோப்பி முறையில் வெட்டு 1 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கியுள்ளது. தகுதியுடைய சிலருக்கு முழு மயக்கமின்றி, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தும் இது செய்யப்படுகிறது.

முதுகெலும்பு அறுவையில் ரோபோவின் பணி, பலர் கற்பனை செய்வதைவிட மிகவும் குறுகியது. எலும்புகளை இணைத்து நிலைநிறுத்தத் திருகாணிகள் பொருத்த வேண்டிய நேரத்தில், சி.டி. ஸ்கேன் படத்தைக் கொண்டு ஒவ்வொரு திருகாணியும் செல்ல வேண்டிய பாதையை மருத்துவர் கணினியில் வகுக்கிறார். ரோபோவின் கை அந்தப் பாதைக்கு நேராக வந்து அசையாமல் நிற்கிறது. துளையிடுவதும் திருகாணியை இறுக்குவதும் பொதுவாக மருத்துவரின் கைகளே. வயிற்று அறுவைகளில் மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து இயக்கும் ரோபோவையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிதுங்கிய வட்டை அகற்றுவது இந்த ரோபோவின் வேலையன்று. எனவே, திருகாணி எதுவும் தேவைப்படாத எளிய வட்டுப் பிதுக்கத்திற்கு ரோபோ அறுவை பரிந்துரைக்கப்பட்டால், அது அங்கே என்ன செய்யப்போகிறது என்று தயங்காமல் கேளுங்கள்.

சிறிய வெட்டு என்பதாலேயே பலன் பெரிதாகிவிடுமா? நெதர்லாந்தில் 328 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குப் பின் நன்கு குணமடைந்ததாகக் கூறியவர்கள் குழாய் முறையில் 69 சதவீதம், நுண்ணோக்கி கொண்டு செய்யும் வழக்கமான முறையில் 79 சதவீதம். எதிர்பார்ப்புக்கு மாறான முடிவு இது. அதே நாட்டில் 613 பேரிடம் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான மற்றோர் ஆய்வு, கால்வலியைக் குறைப்பதில் எண்டோஸ்கோப்பி முறை வழக்கமான முறைக்குக் குறைந்ததன்று என்று காட்டியது.

ரோபோவின் வரலாறும் நேர்கோட்டில் அமையவில்லை. முதுகெலும்புக்கான முதல் ரோபோவுக்கு அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 2004-இல் அனுமதி அளித்தது. 2012-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், சரியான இடத்தில் அமைந்த திருகாணிகள் ரோபோ துணையுடன் 85 சதவீதம். மருத்துவர் தம் கையால் பொருத்தியவை 93 சதவீதம். அதன்பின் கருவிகள் பெரிதும் மேம்பட்டு, துல்லியம் உயர்ந்துள்ளது. எனினும் திருகாணி ஒரு மில்லிமீட்டர் துல்லியமாக அமைவதும், நோயாளி வலியின்றி நடப்பதும் வேறு வேறு செய்திகள். முதலாவதற்கு உள்ள சான்று இரண்டாவதற்கு இன்னும் அந்த அளவுக்கு இல்லை.

ரோபோ பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். முதுகெலும்பு வளைந்து திருகியிருக்கும் நிலையில், எலும்பின் வழக்கமான அடையாளங்கள் இடம் மாறியிருக்கும். முன்பே அறுவை செய்த இடத்தில் அவை தெளிவாகவே தெரியாது. தோலில் சிறு துளையிட்டுத் திருகாணி செலுத்தும்போது மருத்துவர் எலும்பை நேரில் காண்பதில்லை. இத்தகைய இடங்களில் ஒரு வழிகாட்டி உண்மையாகவே உதவுகிறது. ஆனால் அதை இயக்குபவரின் அனுபவத்துக்கு அது மாற்றாகாது. ‘உங்களிடம் ரோபோ உள்ளதா?’ என்பதைவிட, ‘இதே அறுவையை இதே முறையில் நீங்கள் எத்தனை பேருக்குச் செய்துள்ளீர்கள்? எத்தனை பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது?’ என்பதே பயனுள்ள கேள்வி. நல்ல மருத்துவர் இதனால் வருந்தமாட்டார்.

அறுவையே தேவையா என்பதையும் கேளுங்கள். வட்டுப் பிதுக்கத்தால் கால் வரை பரவும் வலி, பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களுக்குள் மருந்து, உடற்பயிற்சி, இயன்முறை மருத்துவம் ஆகியவற்றாலேயே தணிகிறது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘பிதுக்கம்’ என்று இருப்பது மட்டும் அறுவைக்குப் போதிய காரணமாகாது. வலியே இல்லாத பலருடைய படங்களிலும் அது காணப்படுகிறது. அவசரமில்லாத நிலையில், ஸ்கேன் படங்களுடன் வேறொரு முதுகெலும்பு நிபுணரிடம் இரண்டாவது கருத்துப் பெறுவது உங்கள் உரிமை.

செலவைப் பொறுத்தவரை, ரோபோ அறுவையும், அறுவையின்போது நரம்புகளின் செயல்பாட்டைக் கண்காணிக்கும் முறையும் மருத்துவக் காப்பீட்டில் இடம்பெற வேண்டிய நவீன சிகிச்சைகளாக இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் குறிப்பிடப்பட்டுள்ளன. ஆயினும் பாலிசிகள் இவற்றுக்குத் தனி உச்சவரம்பு விதிக்கலாம். மொத்தத் தொகை 5 லட்சமாக இருந்தாலும், ரோபோ அறுவைக்குக் கிடைப்பது அதில் ஒரு பகுதியாகவே இருக்கக்கூடும். அனுமதிக்கு முன்பே இதை எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டப் பயனாளிகள், தங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சை திட்டப் பட்டியலில் உள்ளதா என்பதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுப் பிரிவில் உறுதிசெய்துகொள்ளலாம்.

சில அறிகுறிகள் தோன்றினால் மட்டும் இவற்றையெல்லாம் ஆராய நேரமில்லை. சிறுநீர் வெளியேறாமல் தடைபடுதல் அல்லது அறியாமல் கசிதல், மலம் கட்டுப்பாடின்றி வெளியேறுதல், பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி உணர்வின்மை, கால்களில் வேகமாகக் கூடிவரும் பலவீனம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், ரோபோ உள்ள மருத்துவமனையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து, உடனடியாக முதுகெலும்பு அறுவை செய்யும் வசதியுள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.