பழுதான பிரேக்கும் ரசீது வாசகமும்

மலைச் சரிவில் ஓட்டும் சைக்கிளுக்கு உயிர்நாடி பிரேக். புதிய பிரேக்கில் எண்ணெய் கசிந்தால் இறக்கத்தில் வண்டி நிற்காது. அதைத் திருப்பிக் கொண்டுபோனால், "விற்ற சரக்கு வாபஸ் இல்லை" என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைச் சில கடைக்காரர்கள் காட்டுகிறார்கள். பழுதான சரக்குக்கு இந்த வாசகம் செல்லாது. ரசீதில் குறித்த கெடுவுக்குள், கெடு குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதில்லை.

தாமே தவறாகப் பூட்டிக் கெடுத்ததைக் கடைக்காரர் தலையில் கட்டுவதும் நியாயமல்ல. வாங்கியவர் ரசீதைப் பத்திரப்படுத்தட்டும். பழுதைக் கண்டதும் ஓட்டுவதை நிறுத்தட்டும். கடைக்காரரும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுக்கட்டும். திரும்பி வந்த பிரேக்கால் நஷ்டம் பணம்தான். திருப்பாத பிரேக்கால் போவது உயிராக இருக்கலாம்.