“பெரிய டாக்டர் இல்லையா?”

போன வாரம் எங்கள் வீட்டு மணிக்குக் காலில் கண்ணாடிச் சில்லு குத்திவிட்டது. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு, அறக்கட்டளை ஒன்று நடத்தும் விலங்குகள் மருத்துவமனைக்கு ஓடினேன். பச்சை ஏப்ரன் போட்ட ஒரு பெண் வந்து மணியின் தலையைத் தடவினாள். கால்நடை மருத்துவம் படிக்கிற மாணவியாம், பயிற்சிக்கு வந்திருக்கிறாளாம்.

“பெரிய டாக்டர் இல்லையா?” என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போனது.

பெரிய டாக்டர் பக்கத்து மேஜையில்தான் இருந்தார். “நான் எங்கேயும் போகலைம்மா. முதல்ல அவ பார்க்கட்டும்” என்றார்.

அவள் காலைத் தொடவே இல்லை. கண்ணைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள். வயிற்றை மெல்ல அமுக்கினாள். தொடையின் உட்பக்கம் விரல் வைத்து நாடித்துடிப்பை எண்ணினாள். எனக்கோ எரிச்சல். காலில் ரத்தம் வழிகிறது, இவள் வாயைப் பார்க்கிறாளே!

“ஆன்ட்டி, ஈறு வெளுத்திருக்கு. கொஞ்ச நாளா சரியா சாப்பிடறதில்லையா?”

உண்மைதான். வெயில் என்று நினைத்து விட்டுவிட்டிருந்தேன். ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். உண்ணிக் காய்ச்சல்! சில்லை எடுத்துக் கட்டுப்போட்டது பத்து நிமிட வேலை. காய்ச்சலுக்கு இன்னும் மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

“வரிசையில முப்பது பேர் நிக்கிறப்போ நானா இருந்தா நேரா காலைத்தான் பார்த்திருப்பேன்” என்று சிரித்தார் டாக்டர். “மூக்குல ஆரம்பிச்சு வால்ல முடிக்கணும்னு இவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். குறுக்கு வழி இன்னும் தெரியாது. அதுவும் நல்லதுக்குத்தான்.”

கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு ஐந்தரை வருஷம். அதில் கடைசி ஒரு வருஷம் முழுக்க நேரடிப் பயிற்சி. இது தவிர, விடுமுறையில் தாங்களாகவே இப்படித் தொண்டு மருத்துவமனைகளுக்கு வரும் மாணவர்களும் உண்டு. ஊட்டியில் ‘வேர்ல்டுவைடு வெட்னரி சர்வீஸ்’ என்ற தொண்டு நிறுவனத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. நாய்களுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்யக் கற்றுக்கொள்ள, வெளிநாட்டிலிருந்துகூட அங்கே வருகிறார்கள். நாய்க்கடி தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொண்டுதான் இந்த வேலையில் இறங்க வேண்டும்.

இந்த மருத்துவமனைகளுக்கு வருவதில் பெரும்பாலானவை தெருவில் அடிபட்டவை, நோய் முற்றியவை. எனக்கு ஒரு சந்தேகம். கேட்டே விட்டேன். “கேட்க ஆளில்லாத நாய்னா, தப்பு பண்ணாலும் பரவாயில்லைன்னு ஆகிடாதா டாக்டர்?”

அவர் சிரிக்கவில்லை. “அந்த எண்ணம் வந்தவங்க கத்தியைத் தொடக் கூடாதும்மா. கருத்தடை ஆபரேஷன்ல ரத்தக்குழாயைக் கட்டற முடிச்சு நழுவினா, வயித்துக்குள்ளேயே ரத்தம் கொட்டும். அதனால முதல்ல பக்கத்துல நின்னு பார்க்கணும். அப்புறம் கூட உதவணும். அதுக்கப்புறம்தான், நான் எதிர்ல நிக்க, அவங்க செய்யலாம். வாசல்ல சொந்தக்காரர் காத்திருக்கிற மாதிரி நினைச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொண்ணையும் தொடணும்.”

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். “வந்த முதல் வாரம் பார்வோ வந்த தெருக்குட்டி ஒண்ணு. ராத்திரி முழுக்க டிரிப் மாத்தி மாத்திப் பார்த்தேன் ஆன்ட்டி. விடியக்காலைல போயிடுச்சு. அதுக்கப்புறம் எந்த நாயைப் பார்த்தாலும் முதல்ல ஈறைத்தான் பார்க்கிறேன்.”

மணியின் ஈறு அவள் கண்ணில் பட்டது இப்படித்தான். பெயர்கூட இல்லாத ஒரு குட்டியிடம் கற்ற பாடம், என் வீட்டு நாய்க்கு உதவியிருக்கிறது. நாளைக்கு இவளே ஏதோ ஒரு கிராமத்தில், நடுராத்திரியில், கன்று போட முடியாமல் தவிக்கும் பசுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அன்றைக்கு எதிரில் நிற்கப் பெரிய டாக்டர் இருக்க மாட்டார்.

நேற்றுக் கட்டு மாற்றப் போனேன். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை ஸாரி சொல்ல நினைத்திருந்தேன். பயிற்சி முடிந்து போய்விட்டாளாம். அவள் இடத்தில் புதிதாக ஒரு பையன். என்னைப் பார்த்ததும், “டாக்டரைக் கூப்பிடட்டுமா ஆன்ட்டி?” என்று தயங்கினான்.

மணியின் தலையைப் பிடித்துக்கொண்டேன். “அவர் வரும்போது வரட்டும். முதல்ல நீ பாருப்பா” என்றேன்.