கூம்பின் மினுக்கும் ஒரு லிட்டர் காற்றும்

சப்வூஃபர் வாங்க வருபவரின் கண் முதலில் கூம்பின் மீதே விழுகிறது. கரியிழைப் பின்னல், அலுமினியப் பளபளப்பு, மஞ்சள் நிறக் கெவ்லார் என்று விற்பவரும் அதையே முன்னிறுத்துகிறார். அடுத்து அவர் சொல்லும் சொல் நியோடிமியம். இந்த இரண்டுக்காகவே விலை ஏறுகிறது. ஆனால் வீட்டில் வைக்கும் உயர்வீச்சு டிரைவரின் தரத்தை இவை இரண்டும் தீர்மானிப்பதில்லை. நியோடிமியம் புதைந்து கிடக்கும் கடற்கரை மணலுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் திருவனந்தபுரத்திலாவது இந்த மயக்கம் விவாதிக்கப்பட வேண்டும்.

அடித்தாழ் ஒலி என்பது தள்ளப்படும் காற்றின் அளவு. கூம்பின் பரப்பை அது ஒரு திசையில் நகரும் தூரத்தால் பெருக்கினால் அந்த அளவு கிடைக்கும். 12 அங்குல டிரைவரின் பயன்படு பரப்பு ஏறத்தாழ 500 சதுர சென்டிமீட்டர். அது 20 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒரு லிட்டர் காற்றைத் தள்ளும். 18 அங்குல டிரைவர் அதே ஒரு லிட்டரை ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் நகர்விலேயே தள்ளிவிடும். அதிர்வெண் பாதியானால், ஒலியளவு குறையாமலிருக்க நகர்வு நான்கு மடங்காக வேண்டும் என்பதுதான் இதில் கொடுமையான விதி. தரையில் வைத்த பெட்டியிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் 20 ஹெர்ட்ஸில் அந்த ஒரு லிட்டர் தருவது ஏறத்தாழ 100 டெசிபெல். திரைப்பட ஒலிக்கலவையின் தாழ்விளைவுத் தடத்தில் உச்ச அளவு 115 டெசிபெல் வரை செல்லலாம். அதை எட்ட ஐந்து லிட்டருக்கு மேல் தேவைப்படும். கூம்பு எதனால் ஆனது என்ற கேள்வி இந்தக் கணக்கில் எங்கும் எழவில்லை.

அப்படியானால் பெரிய கூம்பைச் சிறிய நகர்வுடன் பயன்படுத்திவிடலாமே? பயன்படுத்தலாம், இடம் இருந்தால் அதுவே நேர்மையான தீர்வு. ஆழ்ந்த ஒலி, சிறிய பெட்டி, குறைந்த மின்சாரம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் இயற்கை ஒருசேரத் தருகிறது. 18 அங்குல டிரைவருக்குரிய பெட்டி அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் ஓர் அலமாரியின் இடத்தை விழுங்கிவிடும். சிறிய வீட்டுக்காகச் செலுத்தும் விலைதான் உயர்வீச்சு. அறையும் இதில் பங்குதாரர். நான்கு மீட்டர் நீளமுள்ள மூடிய கான்கிரீட் அறையில் 43 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறையே ஒலிக்குக் கைகொடுக்கத் தொடங்கும். காற்றுப் போக்குக்காகவே கட்டப்பட்ட பழைய ஓட்டு வீட்டில் அந்த உதவியின் பெரும்பகுதி சன்னல் வழியே வெளியேறிவிடும்.

டிரைவர்களுக்கிடையே உண்மையான வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில், காந்த இடைவெளியில் இருக்கிறது. வழக்கமான அமைப்பில் கம்பிச்சுருள் நீளமானது. அது அசையும் இடைவெளி குறுகியது. 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டைக் கொண்டு ஒரு திசையில் 20 மில்லிமீட்டர் வீச்சுப் பெற 52 மில்லிமீட்டர் நீளச் சுருள் வேண்டும். எந்தக் கணத்திலும் அதில் கால்பங்குக்கும் குறைவான பகுதியே வலுவான காந்தப்புலத்திற்குள் இருக்கிறது; எஞ்சியது எடையையும் வெப்பத்தையும் மட்டும் தருகிறது. நீண்ட இடைவெளியில் குறுஞ்சுருள் வைத்தால் விசை சீராக இருக்கும். ஆனால் காந்தம் மிகப் பெரிதாக வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே அமைந்த ஓர் அறிவார்ந்த வழி, அமெரிக்காவின் அடையர் ஆடியோ கொண்டுவந்த எக்ஸ்பிஎல் ஸ்கொயர்ட் என்னும் இரட்டை இடைவெளி அமைப்பு. ஓர் இடைவெளியை விட்டுச் சுருள் விலகும்போது மற்றொன்றுக்குள் நுழைவதால், நீண்ட தூரத்துக்கு விசை ஏறத்தாழ மாறாமலிருக்கும். இடைவெளிக்கருகே பொருத்தப்படும் செம்பு அல்லது அலுமினிய வளையமும் சிறிய பொருளல்ல. சுருள் நகரும்போது அதன் மின்தூண்டல் மாறிக்கொண்டே இருப்பதை அது தணிக்கிறது. விலைப்பட்டியலில் கரியிழைக்குக் கிடைக்கும் பெரிய எழுத்து இந்த வளையத்துக்குக் கிடைப்பதில்லை.

சுருளை நடுவில் நிறுத்துவது ஸ்பைடர் என்னும் மடிப்புத் துணி. கூம்பின் விளிம்பைத் தாங்குவது சரவுண்டு. திருவனந்தபுரத்தின் வானிலை டிரைவரோடு பேசுவது இந்த இடத்தில்தான். பாலியூரித்தேன் நுரையால் ஆன சரவுண்டு மெல்லியது, இலேசானது, மலிவானது. ஆனால் காற்றின் ஈரம் அதன் மூலக்கூறுப் பிணைப்புகளை நீராற்பகுத்து அறுக்கிறது. இடவப்பாதியும் துலாவர்ஷமும் ஆண்டுக்கு இருமுறை நனைக்கும் ஊரில் அந்த நுரை விரலால் தொட்டாலே உதிரும் நிலைக்கு விரைவில் வந்துவிடும். இங்கே ரப்பர் விளிம்புதான் பொருத்தம். எடையால் சற்றே இழப்பு உண்டு என்றாலும் அடித்தாழ் ஒலியில் அது பொருட்டல்ல. வீச்சு மிகுவதற்காக விளிம்பை அகலமாக்கும்போது கூம்பின் பரப்பு சுருங்குகிறது என்பதும் நினைவிலிருக்க வேண்டும். பத்து விழுக்காடு பரப்பை இழந்து, நகர்வில் பத்து விழுக்காடு பெற்றவருக்கு ஆதாயம் ஏதுமில்லை.

கூம்புக்கு வருவோம். அலுமினியக் கூம்பு சிதறி அதிரத் தொடங்குவது பல நூறு ஹெர்ட்ஸில். வீட்டுச் சப்வூஃபர் பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸ் அளவிலேயே நிறுத்தப்படுகிறது. ஆகவே அலுமினியமா கரியிழையா என்ற விவாதம், செவிக்குள் வராத ஓர் அதிர்வெண்ணைப் பற்றியது. சிறிய மூடிய பெட்டியின் காற்றழுத்தத்துக்கு வளையாத விறைப்பு கட்டாயம் வேண்டும். அதைத் தடித்த காகிதக் கூழே தந்துவிடும். ஈரத்துக்கு எதிராக மேற்பூச்சு இருந்தால் போதும். ராக்கெட்டுப் பாகங்களுக்குக் கூட்டுப்பொருள் செய்யும் வட்டியூர்க்காவு இதே நகரில்தான் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு கிராமும் கணக்கில் வருவதால் கரியிழைக்குக் காரணம் உண்டு. வரவேற்பறையின் மூலையில் அசையாமல் கிடக்கும் பெட்டிக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

காந்தத்தின் கதை நீளமானது. 1885இல் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் நியோடிமியத்தைப் பிரித்தெடுத்தார். தோரியம் கலந்த விளக்கு மேன்டிலை உலகுக்குத் தந்தவரும் அவரே. அந்த மேன்டிலுக்கான தோரியத்தைத் தேடிய காலத்தில், 1909இல், ஷாம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டிக்கொண்டு சென்ற மணலில் மோனசைட்டைக் கண்டார். மணவாளக்குறிச்சிக் கடற்கரை உலக வணிகத்துக்குள் வந்தது அப்படித்தான். அன்று வேண்டப்பட்டது தோரியம். அதே மணலிலிருந்த நியோடிமியத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு அருகில் பெரிய பயன் இல்லை. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாதோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தத்தைத் தனித்தனியே உருவாக்கிய பிறகே நிலைமை மாறியது. ஃபெரைட்டோடு ஒப்பிட்டால் அதன் ஆற்றல் ஏறத்தாழ பத்து மடங்கு.

அந்தப் பத்து மடங்கு எங்கே தேவை? கயிற்றில் தொங்கவிடும் மேடை ஒலிபெருக்கியில் தேவை. மகிழுந்தில் தேவை. மின்வாகனத்தின் மோட்டாரிலும் காற்றாலையிலும் மிகவும் தேவை. வீட்டுத் தரையில் கிடக்கும் சப்வூஃபருக்கு நான்கு கிலோ கூடினால் யாருக்கு நட்டம்? மேலும், சாதாரண வகை நியோடிமியக் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் தன் வலிமையை மீளாமல் இழக்கத் தொடங்குகிறது. நூற்றுக்கு ஒரு பங்கு மின்சாரத்தைக்கூட ஒலியாக்காமல் எஞ்சிய அனைத்தையும் வெப்பமாக்கும் கருவிக்குள் இது நல்ல குணமல்ல. நிக்கல் பூச்சில் கீறல் விழுந்தால் உப்புக்காற்றில் அது துருப்பிடிக்கும். ஃபெரைட் ஏற்கெனவே ஆக்சைடு. அதற்குத் துருவைப் பற்றிய அச்சம் இல்லை. சங்குமுகத்துக்கு அருகே வசிப்பவர் இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது, இந்திய வாகனத் தொழில் காந்தமின்றித் தவித்தது. அதற்கு விடையாக உள்நாட்டு மணலைத் தோண்டுவோம் என்ற குரல் உடனே உயர்ந்தது. அந்தத் தோண்டலின் விலையைக் கொல்லம் மாவட்டத்தின் ஆலப்பாட்டு மக்கள் 2019இல் நாட்டுக்கு உரக்கச் சொன்னார்கள். அவர்கள் நிலம் கடலுக்கும் காயலுக்கும் நடுவே மெலிந்துகொண்டிருந்தது. மின்வாகனத்துக்காக அந்த விலை கேட்கப்படும்போது இருபுறமும் வாதங்கள் உண்டு. இரும்பு ஆக்சைடு நன்றாகவே செய்துமுடிக்கும் வேலைக்காக, ஒரு விளம்பரச் சொல்லுக்காக, அதே விலையைக் கேட்பதற்கு வாதம் ஒன்றுமில்லை.

பொறியியல் கல்லூரிகள் இந்த விவாதத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பட்டியல்களில் அச்சாகும் உச்ச வீச்சு பெரும்பாலும் சுருளின் நீளத்திலிருந்து கழித்தெடுத்த எண், அளந்ததல்ல. வுல்ஃப்காங் கிளிப்பெல் வகுத்த முறைப்படி, சப்வூஃபருக்கு விசைக் காரணி நடுநிலை மதிப்பில் 70 விழுக்காட்டுக்கும், தாங்கியின் நெகிழ்வு 50 விழுக்காட்டுக்கும் சரியும் புள்ளிகளில் எது முன்னே வருகிறதோ அதுவே பயன்படு வீச்சு. அதற்கான கருவி விலையுயர்ந்தது. ஆனால் விசைக் காரணியை மட்டும் அளக்க எளிய வழி உண்டு. டிரைவரை மல்லாக்க வைத்து, கூம்பின் மீது தெரிந்த எடையொன்றை ஏற்றி, நேர்மின்னோட்டம் செலுத்தி அதைப் பழைய இடத்துக்கே திரும்பக் கொண்டுவர வேண்டும். எடையின் விசையை மின்னோட்டத்தால் வகுத்தால் அந்த இடத்தின் விசைக் காரணி கிடைக்கும். இதையே இரண்டு மில்லிமீட்டர்க்கு ஒருமுறை செய்து வரைபடமாக்க ஒரு டயல் கேஜும் ஒரு மின்வழங்கியும் போதும். சுருள் சூடேறாதபடி மின்னோட்டத்தைச் சில நொடிகளில் நிறுத்திவிட வேண்டும். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடுவதால், மின்னழுத்தத்தை நம்பாமல் மின்னோட்டத்தையே நேராக அளப்பது நல்லது. வரைகோடு நடுவிலிருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், ஆலையில் சுருள் சரியான உயரத்தில் ஒட்டப்படவில்லை என்று பொருள். விலை மிகுந்த டிரைவரானாலும் அந்தச் சாய்வை எந்தக் கூம்பும் திருத்தித் தராது.