கோப்புகளின் முகவரி ஓரிடத்தில் இருக்கட்டும்

மும்பை ஆண்டாப் ஹில்லிலுள்ள மத்திய அரசு ஊழியர் குடியிருப்பில் ஒரு வீட்டைக் கண்டடைய, செக்டார், கட்டடம், வீட்டு எண் ஆகியவை வரிசையாகத் தெரிந்திருத்தல் வேண்டும். கணிப்பொறியின் கோப்புகளுக்கும் இத்தகைய முகவரி உண்டு. கோப்பகத்துள் கோப்பகமாகக் கிளைக்கும் அம்முறையை, மல்டிக்ஸ் என்னும் அமைப்பின் பொருட்டு டேலி, நியூமன் என்னும் இருவர் 1965-லேயே விளக்கினர்.

நிரல் எழுதுவோர் பலர் இம்முகவரியைத் தேவைப்படும் இடந்தோறும் முழுமையாக எழுதிவிடுகின்றனர். இதன் தீங்கு சிறிதன்று. ஓர் அலுவலகத்தின் ஓய்வூதிய நிரலில் ‘பம்பாய்’ என்னும் கோப்பகப் பெயர் நாற்பது இடங்களில் வருவதாகக் கொள்வோம். 1995-இல் நகரின் பெயர் மும்பை என்றாயிற்று. முப்பத்தொன்பது இடங்களில் திருத்தி ஓரிடத்தை மறந்தால் நிரல் நின்றுவிடாது. பழைய கோப்பகம் இருக்கும்வரை அதிலேயே எழுதிக்கொண்டிருக்கும். யாரோ ஒரு முதியவரின் ஓய்வூதியத் திருத்தம் எவரும் பாராத இடத்தில் கிடக்கும். மறு ஆண்டே சென்னைக் கிளைக்கும் இதே வேலை வந்திருக்கும்!

இதற்குப் பரிகாரம் மேக்ரோ. ஒரு சுருக்கப் பெயரை, கம்பைலர் நிரலை மொழிமாற்றுமுன் முழு வடிவமாக விரித்துத் தரும் ஏற்பாடு அது. சி மொழியில் ‘பாத்ஸ்.எச்’ என்னும் கோப்பு, தற்காலிகக் கோப்பகம், அஞ்சல் கோப்பகம் போன்றவற்றின் முகவரிகளை இவ்வாறே அறிவிக்கிறது. ஆயினும் அது வெறும் பட்டியல்; ஒவ்வொரு வரியிலும் முழு முகவரி திரும்ப வருகிறது. தாய்க் கோப்பகத்தின் கீழ்ச் சேய்களை மரம்போல் ஒருமுறை அறிவித்து, முகவரிகளை இணைக்கும் பணியை மேக்ரோவிடம் விடுவதே மேல் என்பது எமது கருத்து. வேரில் ஒரு சொல்லை மாற்றினால் கிளைகள் யாவும் மாறும். அறிவிக்கப்படாத பெயரை எவரேனும் பிழையாக எழுதினால், கம்பைலர் அப்போதே மறுத்துவிடும்.

மேக்ரோ வட்டைத் தொடுவதில்லை என்பதை மறத்தலாகாது. அறிவிப்பில் பெயரை மாற்றியதனால் பழைய கோப்புகள் தாமே இடம்பெயரா. அவற்றைப் பெயர்த்து வைப்பது தனி வேலை. மேலும், முழு முகவரியைக் கொண்டு நிரலில் தேடுபவருக்கு அது எங்கும் அகப்படாது. ஆதலால் அறிவிப்பு, நிரல் அறியாத கண்காணிப்பாளரும் படித்து ஒப்பிடத்தக்கதாய் இருத்தல் அவசியம். அதனுள் நிபந்தனைகளையும் சுழற்சிகளையும் புகுத்திச் சாமர்த்தியம் காட்டுவோரை யாம் ஆதரிப்பதற்கில்லை. ஊழியருக்கு ஒன்றாக நிரல் ஓடும்போது தோன்றும் கோப்பகங்களுக்குப் பெயரின் அச்சை மட்டும் அறிவித்தால் போதும்.