வெல்லத் தக்கவர் யாவர்?

தேர்தல் நெருங்கியதும் கட்சித் தலைமைகள் வேட்பாளராக விழைவாரிடம் கேட்கும் முதல் வினா, 'உன்னால் வெல்ல முடியுமா?' என்பதே. அதன் உட்பொருள் வேறு. 'கையில் பணம் எவ்வளவு? தொகுதியில் உன் குலத்தார் எத்துணைப் பேர்?' என்பதே அது. தொகுதியின் வாய்க்காலும் குளமும் அறிந்தவனா எனக் கேட்பாரைக் காண்டல் அரிது.

பழனிமலையின் அடியில், மருதாநதி நீரால் தென்னை வளர்க்கும் அய்யம்பாளையம் இன்று ஆத்தூர்ச் சட்டமன்றத் தொகுதியிலும் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியிலும் அடங்கியது. அத் திண்டுக்கல் தொகுதியே அந்தக் கணக்கைப் புரட்டிப்போட்ட களம். 1973 மே 20ஆம் நாள் இடைத்தேர்தல். தோன்றி ஏழு திங்களே ஆன அண்ணா தி.மு.க. வழக்கறிஞர் மாயத்தேவரை நிறுத்திற்று. அவர் வென்றார், பழைய பேராயக் கட்சி இரண்டாமிடம் பெற, ஆளுங்கட்சியாகிய தி.மு.க. மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டது. இரட்டை இலை என்னும் அடையாளம் அக்கட்சிக்கு வாய்த்ததும் அத்தேர்தலிலேதான்.

'அது இலைக்கு விழுந்த வாக்கு' என்பார் சிலர்; 'ம.கோ.இரா. முகத்துக்கு விழுந்தது' என்பார் பலர். அங்ஙனமாயின் 1980ஐ எங்ஙனம் விளக்குவது? அவ்வாண்டுச் சனவரியில் அதே மாயத்தேவர், அதே தொகுதியில், தி.மு.க.வின் எழுஞாயிற்று அடையாளத்தில் வென்றார். இலையும் அவரிடம் இல்லை, ம.கோ.இரா.வோ எதிரணியில். அப்படியானால் ஆளே வென்றார் எனலாமா? அதுவும் முற்றும் பொருந்தாது. தி.மு.க.வும் இந்திரா பேராயக் கட்சியும் சேர்ந்த அணி தமிழகத்தின் 39 இடங்களில் 37ஐ அள்ளிய தேர்தல் அது. அவ் வெள்ளம் அவரையும் கரைசேர்த்தது.

இதனினும் வியப்பு, அடுத்து வந்த மே திங்களில். கலைக்கப்பட்ட அண்ணா தி.மு.க. ஆட்சியை அதே தமிழ்மக்கள் 129 இடங்கள் அளித்து மீண்டும் அமர்த்தினர். தில்லிக்கு ஒருவர், கோட்டைக்கு வேறொருவர் எனத் தெரிந்தே பிரித்தனர். எழுத்தறியா மக்கள் அடையாளத்துக்கு மயங்குவர் என ஏளனம் செய்யும் படித்த கூட்டம் இதற்கு என்ன விடை கூறும்?

ஆள் நல்லவராயிருத்தல் மட்டும் போதும் என்பதும் மெய்யன்று. ஊர்தோறும் பள்ளி திறந்த காமராசரே 1967இல் விருதுநகரில் 1,285 வாக்கில் தோற்றார். வென்றவர் பெ. சீனிவாசன் என்னும் மாணவர் தலைவர். அரிசித் தட்டுப்பாடும், 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்தோர் சிந்திய குருதியும் அன்று காமராசருக்கு எதிராய் நின்றன.

இன்றோ பணமே முந்துகிறது. பணம் பாய்ந்தமையால் 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தேர்தல்களும், 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலும் நிறுத்தப்பட்டன. வேட்பாளர் தம் சொத்தையும் தம்மீதுள்ள குற்ற வழக்கையும் எழுதித் தருதல் கட்டாயம். அதனைப் படித்துப் பார்ப்போர் எத்தனை பேர்?

முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) வேறொரு தகுதி பேசுகின்றன. அவை பார்ப்பன ஊரவைக்கு உரியவை. நிலமும் மறையறிவும் கேட்டவை. அவற்றைத் தமிழ்க் குடியாட்சி என மேடைதோறும் முழங்குதல் மிகையே. எனினும் ஒரு விதி நன்று: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் குடவோலைக்குப் பெயர் தரலாகாது. அவ்விதி இன்றிருந்தால் கட்சி அலுவலக வாயில்களில் விருப்பத்தாள் ஏந்தி நிற்கும் வரிசை எத்துணைக் குறுகிப் போகும்!