வங்கியில் காட்டிய பணம் எங்கே?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பிள்ளையை மேற்படிப்புக்கு வெளிநாடு அனுப்பும் வீடுகளில் பேச்செல்லாம் கல்விக் கட்டணத்தைச் சுற்றியே நடக்கிறது. அதற்கு வங்கிக் கடன். அது கிடைக்காவிட்டால் மல்லாட்டை போடும் காணியின் பத்திரம். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் என்ன வழி என்று கேட்டால், "பார்ட் டைம் பார்த்துச் சமாளிச்சுக்குவான் சார்" என்கிறார் முகவர். பெற்றோரும் நம்பிவிடுகிறார்கள்.

கணக்குப் போட்டால் அந்த நம்பிக்கை நிற்காது. லண்டனுக்கு வெளியே படிப்பவர் மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண்டு கையிருப்புக் காட்ட வேண்டும் என்று 2025 நவம்பரில் பிரிட்டன் விதியை உயர்த்தியது. நம் பணத்தில் அது பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டும். வகுப்பு நடக்கும் காலத்தில் பட்டப்படிப்பு மாணவர் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். 21 வயது நிரம்பியவருக்கு 2025 ஏப்ரலில் அங்கே வைத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. ஒரு வாரம்கூட விடாமல் முழு நேரமும் வேலை கிடைத்தாலே மாதம் சுமார் 1,058 பவுண்டுதான் வரும். அந்நாட்டு அரசு வைத்த அளவுக்கே அது எட்டவில்லை. போய் இறங்கிய வாரமே வேலை கிடைத்துவிடாது. வீட்டு முன்பணம், குளிருக்கு ஜாக்கெட், பஸ் பாஸ், பாத்திரம் பண்டம் எல்லாம் முதல் மாதத்திலேயே வரிசை கட்டி நிற்கும். மணிக்கணக்கை மீறி மறைவாக வேலை பார்த்து மாட்டினால் விசாவே பறிபோகும்.

இதைவிடக் கவலை தருவது ஒன்று உண்டு. கையிருப்பு 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும் என்பது பிரிட்டன் விதி. அந்த நாட்களுக்கு மட்டும் நூற்றுக்கு இரண்டு, மூன்று வட்டிக்கு வாங்கிப் போட்டு, விசா வந்ததும் எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கணக்கில் காட்டிய பணம் பிள்ளையின் வயிற்றுக்குப் போகவே இல்லை. அவன் போனில் "நல்லாருக்கேன்மா" என்கிறான். ஒருவேளைச் சாப்பாட்டோடு நாளை ஓட்டுவதை வீட்டில் சொல்வதில்லை.

ஜெர்மனி இதற்கு இடம் வைக்கவில்லை. மாணவர் பெயரில் முடக்கக் கணக்கு தொடங்கி, 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ போட வேண்டும். மாதம் 992 யூரோ மட்டுமே கைக்கு வரும். எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் நம் வீடுகள் இந்த முறையைத் தாங்களாகவே கைக்கொள்ள வேண்டும் என்பதே நம் கருத்து. முதல் ஆண்டுச் சாப்பாட்டுப் பணம் தனியாகச் சேராமல் கட்டணத்தின் முதல் தவணையைக் கட்டக் கூடாது. சேரவில்லையென்றால் படிப்பு ஒரு வருடம் தள்ளிப் போகட்டும். உறவினர் என்ன சொல்வார்களோ என்பதற்காகப் பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம்.

மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையில் கட்டணம் போகப் பராமரிப்புக்கென்றே பிரிட்டனுக்கு ஆண்டுக்கு 9,900 பவுண்டும் மற்ற நாடுகளுக்கு 15,400 டாலரும் தனியாக ஒதுக்குகிறார்கள். ஆனால் நாடு முழுமைக்கும் அதில் 125 இடங்கள்தான். மற்றவர்களுக்கு முகவர் சொல்வதே வேதவாக்கு. வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற வேண்டும். படிப்புக்கு அனுப்புபவரை அந்தச் சட்டம் தொடுவதில்லை. பஞ்சாப் 2012-இல் தனிச் சட்டம் இயற்றி, மாணவர் விசா ஆலோசகர்களையும் உரிமம் பெற வைத்தது. தமிழ்நாடும் அதைச் செய்ய வேண்டும். உரிமம் பெற்ற முகவர் தம் கட்டணத்தை வாங்குமுன், அந்த ஊரின் வாடகை முதல் மருத்துவக் காப்பீடு வரை மாதச் செலவை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி விழுப்புரம், திண்டிவனம் இரண்டு ஊரிலும் உண்டு. அந்தக் கல்லூரிகள் இறுதியாண்டு மாணவரின் பெற்றோரையும், கல்விக் கடன் தரும் வங்கி அலுவலரையும், வெளிநாட்டில் படித்துவரும் பழைய மாணவரையும் ஒரு நாள் ஒன்றாக உட்காரவைத்து, தமிழில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டட்டும். செப்டம்பர் சேர்க்கைக்குப் பணம் கட்டும் முன்பே அது நடக்க வேண்டும்.